கால் அங்குலம்

முதலாமவன் கடை உம்ஷ்லாங்காவில்.
கண்ணாடிச் சுவர், நான்கு கேமரா, காபி இலவசம்.
என் சைக்கிளைப் பார்த்தான், அதன் சங்கிலியைப் பார்த்தான்,
பிறகுதான் என்னை.
"எத்தனை வாட் மிதிப்பீர்கள்?"
எங்கள் சமையலறை பல்பு அறுபது வாட். சொல்லவில்லை.
ஐயாயிரம் ராண்ட், மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

இரண்டாமவன் காசே வேண்டாம் என்றான்,
புதுச் சைக்கிள் ஒன்று வாங்கினால்.
முழங்கால் வலியை நான் சொல்லி முடிப்பதற்குள்
அதற்கு நாற்பதாயிரத்தில்
கார்பனில் ஒரு மருந்து எடுத்துக் காட்டினான்.

பூபாலன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தான்,
கேட்க வேண்டிய கேள்விகள் என்று:
எங்கே படித்தீர்கள், என்ன கருவி,
மறுபடி வந்தால் தனிக் காசா.
மடித்துக் கைப்பையில் வைத்தேன்.
அளவு நாடாவை ஒருவர் எப்படிப் பிடிக்கிறார்,
நான் பார்ப்பது அதை.
ஜேக்கப்ஸ் ஆலையில் பத்தொன்பது வருடம்
பள்ளிச் சட்டை தைத்தவள்.
நாடாவை இழுத்துப் பிடிப்பவர் அளந்த சட்டை
மூச்சு விட்டால் பித்தான் தெறிக்கும்.

மூன்றாவது, பைன்டவுனில் ஒரு வீட்டுக் கார் கொட்டகை.
ஹ்லெங்கிவே என்று பெயர்.
கதவோரம் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன.
சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வாங்க மா, என்றாள்,
அதற்கா வலிக்கிறது?
வெறுங்காலோடு நடக்க விட்டாள். போங்க. வாங்க. இன்னொரு தடவை.
படுக்க வைத்து ஒவ்வொரு காலாக மடக்கினாள்.
எந்த விரல் மரக்கிறது, எப்போது?
சுண்டுவிரலும் மோதிரவிரலும், என்றேன்,
ப்ளூ லகூன் தாண்டி, பதினேழாவது கிலோமீட்டரில்.
எந்த இடத்தில் என்று
டாக்டர்கூடக் கேட்டதில்லை.

பிறகு நாடா.
தொடலாமா என்று கேட்டுவிட்டு எடுத்தாள்.
துணிமேல் கிடக்க விட்டாள், இழுக்கவில்லை.
அப்போதே நான் மனதுக்குள் பணத்தை எண்ணிவிட்டேன்.

மிதித்தேன்.
பின்னால் நின்று பார்த்தாள், வெகுநேரம்.
முதுகுக்குப் பின்னால் ஒருவர் பேசாமல் நின்றால்
மேற்பார்வையாளர் நினைப்புதான் வருகிறது இன்னமும்;
வேகத்தைக் கூட்டினேன்.
"மெதுவா. வலது இடுப்பு முன்னால் போய் உட்காருகிறது.
இதற்கு முன் என்ன ஓட்டினீர்கள்?"

ஒன்றுமில்லை என்று வாயெடுத்தேன்.
சைக்கிள் ஏறியதே ஐம்பத்தோரு வயதில்.
பாதத்துக்குத்தான் முதலில் ஞாபகம் வந்தது:
தையல் மெஷின்.
நாளைக்கு ஒன்பது மணி நேரம், வலது பாதம் மட்டும்,
இடது கால் மேசைக்கடியில் சும்மா.
எத்தனை ஆயிரம் காலர் ஓட்டியிருப்பேன்,
நாற்காலி ஓரடி நகர்ந்ததில்லை.

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டாள்.

எண்சாண் உடம்புக்கு இருக்கையே பிரதானம் போல,
அதைத்தான் முதலில் தளர்த்தினாள்.
இறக்கினாள், மிதிக்கச் சொன்னாள்,
இன்னும் கொஞ்சம் இறக்கினாள்.
எவ்வளவு, என்றேன்.
ஆறு மில்லிமீட்டர்.

கால் அங்குலம்!
கை வெட்டில் அவ்வளவு தவறியதற்கு
முந்நூறு சட்டையை ஒரே இரவில் பிரித்திருக்கிறோம்.
கால் என்றால் கால்வாசி, கால் என்றால் கால்.
தமிழில் சொல்லிப் பார்த்துத் தனியே சிரித்தேன்.
அவளுக்கு விளக்க என் ஜூலு போதாது;
என் தமிழே நாற்பதுக்கு மேல்
கோயில் வகுப்பில், சனிக்கிழமைகளில் வந்தது.

இடுப்பைத் திருப்ப அவளால் முடியாதாம்.
சைக்கிளை வேண்டுமானால் கொஞ்சம் என் பக்கம் திருப்பலாம்.
மீதிக்கு ஒரு பயிற்சித் தாள்.
ஆறு வாரம் கழித்து வாருங்கள், அதற்குக் காசில்லை.
வாங்கியது ஆயிரத்து நானூறு.

ஞாயிறு. கடற்கரைப் பாதையில் இன்னும் விளக்கு அணையவில்லை.
மீன்பிடிப்பவர்கள் தூண்டிலோடு பாதையை அடைத்து நின்றார்கள்.
பதினேழாவது கிலோமீட்டரில் விரல்களை அசைத்துப் பார்த்தேன்,
ஒவ்வொன்றாக.
பூபாலன் பக்கத்தில் வந்து, சரியாப் போச்சா, என்றான்.
முக்கால்வாசி, என்றேன்.
சுண்டுவிரல் மட்டும்
இன்னும் வந்து சேரவில்லை.